பள்ளியைப் புதுப்பிப்பதா, மேட்டுக்கு மாற்றுவதா? சீசைடு ஊர் எடுத்த முடிவு

கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சீசைடு என்ற கடற்கரை ஊர், சுனாமிக்கு அஞ்சித் தன் உயர்நிலைப் பள்ளியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாகப் படித்தேன். 300 ஆண்டுகளாக வராத அலைக்காக இவ்வளவு செலவு தேவையா? இருந்த கட்டடத்தையே நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வலுப்படுத்தியிருக்கலாமே? ஊர் மக்களே முதலில் எதிர்த்து ஓட்டுப் போட்டார்களாமே?

பதில்:

வலுப்படுத்தியிருக்கலாம். நிலநடுக்கத்தில் கூரை பிள்ளைகளின் தலைமேல் விழாமல் அது தடுத்திருக்கும். அதற்கு அடுத்த கால் மணி நேரத்தில் வரும் தண்ணீரிலிருந்து காப்பாற்றியிருக்காது. சீசைடில் கட்டடமும் பழையதுதான், ஆனால் விவாதத்தின் மையம் கட்டடம் அல்ல. அது நின்ற மண்ணும், அங்கிருந்து தப்பி ஓடக் கிடைக்கும் நிமிடங்களும்தான்.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சீசைடு பசிபிக் கடலோரத்தில் ஏழாயிரத்துக்குச் சற்று முன்பின்னான மக்கள்தொகை கொண்ட சுற்றுலா ஊர். கடலை ஒட்டி மணற்பாங்கான சமவெளி. அதன் முதுகுப்புறத்தில் நெக்கானிக்கம் ஆறு கடலுக்கு இணையாக வடக்கு நோக்கி ஓடுகிறது. அதற்கும் கிழக்கே நியவான்னா ஓடை. அதைத் தாண்டிய பிறகுதான் குன்றுகள் தொடங்குகின்றன. பழைய உயர்நிலைப் பள்ளி இந்த இரண்டு நீர்நிலைகளுக்கும் இடையில் இருந்தது. மேற்கே கடல், கிழக்கே ஓடை. மேட்டுக்குப் போக வேண்டுமானால் பாலத்தைக் கடந்தாக வேண்டும். பெரிய நிலநடுக்கத்தில் முதலில் விழக்கூடியவையாகக் கருதப்படுபவையே அந்தப் பழைய பாலங்கள்தான். உயர்நிலைப் பள்ளி மட்டுமல்ல, பிராட்வே நடுநிலைப் பள்ளியும், பக்கத்து ஊரான கியர்ஹார்ட்டின் தொடக்கப் பள்ளியும் அலை மூழ்கடிக்கும் பகுதிக்குள்ளேயே இருந்தன. அந்தப் பள்ளி மாவட்டத்தில் (சுற்றுவட்டார ஊர்களின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) சீசைடு ஹைட்ஸ் தொடக்கப் பள்ளி ஒன்றுதான் மேட்டில் இருந்தது.

300 ஆண்டுகளாக வராதது இனி வருமா என்று கேட்கிறீர்கள். வடக்குக் கலிபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் ஒரு பிளவு செல்கிறது. காஸ்கேடியா என்று அதற்குப் பெயர். ஹுவான் டி ஃபூகா என்ற கடலடித் தட்டு (பூமியின் மேலோட்டுப் பாறைத் துண்டு) அங்கே வட அமெரிக்கக் கண்டத்தட்டின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. அது கடைசியாக முழு நீளத்துக்கும் உடைந்தது 1700-ஆம் ஆண்டு ஜனவரி 26 இரவில். அந்தக் கரையில் அன்று எழுத்தில் பதிவுசெய்ய எவரும் இல்லை. ஆனால் அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் வாய்மொழிக் கதைகளில் ஓர் இரவில் கடல் ஏறி வந்து ஊரை அழித்த நினைவு இருக்கிறது. 1980-களில் பிரையன் அட்வாட்டர் என்ற நிலவியலாளர், கரையோரக் காடுகள் திடீரெனத் தாழ்ந்து உப்புநீரில் நின்று பட்டுப்போனதற்கான அடையாளங்களையும், அவற்றின்மேல் அலை கொண்டுவந்து பரப்பிய மணல் படிவையும் மண்ணுக்குள் கண்டுபிடித்தார். நாள் கிடைத்தது ஜப்பானிலிருந்து. நிலமே நடுங்காமல் ஒரு பேரலை மட்டும் வந்ததாக அங்குள்ள ஊர்க் கணக்குகளில் எழுதி வைத்திருந்தார்கள். 1996-இல் கெஞ்சி சடாக்கேயும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு, அலை கடலைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கழித்து, நாளையும் நேரத்தையும் கணித்தார்கள்.

கடலடிப் படிவுகளை ஆராய்ந்த ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகக் குழு, கடந்த 10,000 ஆண்டுகளில் ஏறத்தாழ 19 முறை இந்தப் பிளவு முழு நீளமும் உடைந்திருப்பதாகக் கண்டது. சராசரியாக 500 ஆண்டுக்கு ஒன்று. தென்பகுதி மட்டும் உடைந்த நிலநடுக்கங்கள் தனி. சராசரி என்பது நாட்காட்டி அல்ல. இரண்டு நடுக்கங்களுக்கு இடையே நெடுங்காலம் சென்றதும் உண்டு, குறுகிய காலத்திலேயே அடுத்தது வந்ததும் உண்டு. ஆகவே 300 ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது ஆறுதல் தரும் செய்தி அல்ல. இதற்கிடையில் 1964-இல் தொலைவிலுள்ள அலாஸ்காவில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலையே சீசைடில் பாலத்தையும் வீடுகளையும் சேதப்படுத்திவிட்டுப் போனது.

இனி நிமிடக் கணக்கு. காஸ்கேடியா முழுவதும் உடைந்தால் நடுக்கம் 3 முதல் 5 நிமிடம் வரை நீடிக்கும் என்கிறார்கள். நடுக்கம் தொடங்கியதிலிருந்து 15 முதல் 20 நிமிடத்தில் முதல் பேரலை கரையில் இருக்கும். நடுங்கும்போது நடக்க முடியாது, ஆகவே அந்த நிமிடங்களைக் கழித்துவிட வேண்டும். வகுப்பறைகளிலிருந்து எல்லாரையும் வெளியேற்றி, தலைகளை எண்ணி, அடிபட்டவர்களைத் தூக்கிக்கொள்ளும் நேரத்தையும் கழிக்க வேண்டும். மிச்சம் 10 நிமிடம் இருந்தால் அதிகம். ஈர மணல் நடுக்கத்தில் குழம்பாக இளகிவிடும். கடற்கரையே ஒரு மீட்டர் அளவுக்கோ அதற்கு மேலுமோ கீழே இறங்கிவிடலாம். சாலை பிளந்திருக்கும், பாலம் இல்லாமல் போயிருக்கலாம். பதினாறு வயதுப் பையன் ஒருவேளை ஓடி விடுவான். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும், கியர்ஹார்ட் பள்ளியின் ஆறு வயதுக் குழந்தையும் என்ன ஆவார்கள்? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாக விடாமல் கேட்டவர் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த டக் டோஹர்ட்டி.

கட்டடத்தை வலுப்படுத்தினால் போதாதா என்பவர்கள் ஜப்பானின் இஷினோமாகி நகரிலுள்ள ஒகாவா தொடக்கப் பள்ளியைப் பற்றிப் படிக்க வேண்டும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தை அந்தக் கான்கிரீட் கட்டடம் தாங்கி நின்றது. அலை வர ஏறத்தாழ 50 நிமிடம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. ஆனாலும் எங்கே போவது என்ற முடிவு எட்டப்படாமல் பிள்ளைகள் நெடுநேரம் பள்ளி மைதானத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டார்கள். 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். கட்டடத்தின் எலும்புக்கூடு இன்றும் நினைவிடமாக நிற்கிறது. பெற்றோர் தொடுத்த வழக்கில், பேரிடருக்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யாதது அதிகாரிகளின் தவறு என்று செண்டாய் உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. 2019-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நிலநடுக்கம் நடந்த அன்று என்ன செய்தார்கள் என்பதோடு நில்லாமல், அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்ன செய்யாமல் விட்டார்கள் என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. பள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று விவாதிக்கும் எந்த ஊருக்கும் இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

அதே இடத்தில் உயரமாகக் கட்டிக்கொள்வது மூன்றாவது வழி. அது வெறும் கற்பனை அல்ல. சீசைடுக்கு வடக்கே, வாஷிங்டன் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் ஊரிலுள்ள ஒகோஸ்டா தொடக்கப் பள்ளி 2016-இல் அப்படித்தான் திறக்கப்பட்டது. ஆழமாக இறக்கிய தூண்கள்மேல் உடற்பயிற்சிக் கூடம், அதன் கூரையில் ஆயிரம் பேருக்கு மேல் நிற்க இடம், கூரைக்கு ஏறப் படிக்கட்டுகள். வட அமெரிக்காவில் சுனாமியிலிருந்து மேல்நோக்கித் தப்புவதற்கென்றே கட்டப்பட்ட முதல் கட்டடம் அது. ஆனால் வெஸ்ட்போர்ட் தட்டையான தீபகற்பம். ஓடிப் போக அங்கே பக்கத்தில் குன்று இல்லை, ஆகவே குன்றைக் கட்டிக்கொண்டார்கள். சீசைடுக்குக் குன்று கிழக்கே கண்ணெதிரில் இருக்கிறது. மூன்று பள்ளிகளின் பழைய கட்டடங்களை வெறுமனே வலுப்படுத்துவதால் ஒகோஸ்டா போன்ற கூரை கிடைத்துவிடாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால்தான் உண்டு. எப்படியும் புதிதாகக் கட்டுவதென்றால், அதை மேட்டிலேயே கட்டுவதுதானே முறை?

இவ்வளவு தெளிவாக இருந்தும் 2013-இல் மக்கள் ஏன் மறுத்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான பகுதி. அந்த ஆண்டு பள்ளி மாவட்டம் 12 கோடியே 88 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஒப்புதல் கேட்டது. ஓட்டெடுப்பில் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. சுனாமி வரும் என்பதை ஊரார் நம்பவில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். அமெரிக்காவில் பள்ளிக் கட்டடத்துக்கான பணம் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. பத்திரம் நிறைவேறினால் வீட்டு மதிப்புக்கு ஏற்ப ஒவ்வொருவரும் இருபது, முப்பது ஆண்டுகள் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டும். சீசைடு விடுதிகளையும் உணவகங்களையும் நம்பிப் பிழைக்கும் ஊர். சம்பளம் குறைவு, வேலை பருவத்தைப் பொறுத்தது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் நிறைய. பேரப்பிள்ளை வேறு மாநிலத்தில் படிக்கும்போது, மாதாமாதம் வரும் அதே தொகையில் வரியைக் கூட்டிக் கட்டு என்றால் ஒருவர் தயங்குவது குற்றம் அல்ல.

வரி ஒன்றே காரணமும் அல்ல. எல்லாப் பள்ளிகளையும் ஒரே வளாகத்தில் சேர்ப்பது என்றால் கியர்ஹார்ட் தன் பள்ளியை இழக்கும். தெற்கே கேனன் பீச் ஊரின் தொடக்கப் பள்ளி 2013-லேயே மூடப்பட்டுவிட்டது. சிறிய ஊருக்குப் பள்ளி என்பது பாடம் நடக்கும் இடம் மட்டும் இல்லை. நடந்தே போய்ப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது அங்கேதான். இளம் குடும்பங்கள் அந்த ஊரில் வீடு தேடுவதும் அதை நம்பித்தான். பள்ளி போனால் ஊர் விடுமுறை வீடுகளின் வரிசையாகிவிடும் என்ற அச்சம் கேனன் பீச்சில் வெறும் பேச்சாக இல்லை. இடமாற்றத்தை ஆதரிப்பவர்கள் இந்த இழப்பை வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். உயிர்ப் பாதுகாப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்லி மற்ற எல்லாப் பேச்சையும் அடைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லாதது.

எதிர்ப்புகளில் பதில் சொல்ல எளிதல்லாத ஒன்றும் உண்டு. பள்ளி ஆண்டுக்குச் சுமார் 180 நாள், நாளுக்குச் சுமார் 7 மணி நேரம் நடக்கிறது. ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்தில் அது 15 சதவீதம்கூட இல்லை. மற்ற நேரங்களில் அதே பிள்ளைகள் அதே தாழ்நிலத்தில் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். நிலநடுக்கம் பள்ளி நேரத்தில்தான் வரும் என்று யார் சொன்னது? 1700-இல் இரவில் வந்தது என்றே மேலே எழுதியிருக்கிறேன். கணக்கு சரிதான். ஆனால் வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தாயும் தந்தையும் தீர்மானிக்கிறார்கள். பள்ளிக்கோ அரசு சட்டம் போட்டுப் பிள்ளைகளை வரவழைக்கிறது. ஊரின் எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூரையின் கீழ் கூட்டிவைத்து, கதவை மூடி, பெற்றோரிடமிருந்து அந்த 7 மணி நேரத்துக்குப் பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்ட பொறுப்பை, அலை வரும் என்று வரைபடமே போட்டுக் காட்டிய இடத்தில் வைத்து நிறைவேற்ற முடியாது. ஒரு வீடு போனால் ஒரு குடும்பம் அழும். பள்ளி போனால் ஒரு தலைமுறையே ஒரே மதியத்தில் போய்விடும். ஒகாவாவில் நடந்தது அதுதான்.

2013-க்கும் 2016-க்கும் இடையில் என்ன மாறியது? திட்டம் மாறியது. வேயர்ஹௌசர் என்ற மர நிறுவனம், மேட்டிலிருந்த தொடக்கப் பள்ளியை அடுத்து 80 ஏக்கர் காட்டு நிலத்தை இலவசமாகத் தந்தது. நிலம் வாங்கும் செலவு போயிற்று. ஏற்கெனவே பாதுகாப்பான இடத்தில் இருந்த சீசைடு ஹைட்ஸ் பள்ளியை இடிக்காமல் விரிவாக்குவது, உயர்நிலையையும் நடுநிலையையும் சேர்த்து ஒரே கட்டடமாகக் கட்டுவது என்று திட்டத்தைச் சுருக்கினார்கள். தொகை 9 கோடியே 97 லட்சம் டாலராக இறங்கியது. கவனித்துப் பார்த்தால், புதுப்பிக்க வேண்டும் என்றவர்களின் கருத்தும் இதற்குள் இருக்கிறது: நல்ல மண்ணில் நிற்கும் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள், ஆபத்தான மண்ணில் நின்றவற்றை மட்டும் கைவிட்டார்கள். பதவியிலிருந்து ஓய்வு பெற்ற டோஹர்ட்டி அதன் பிறகும் விடாமல் இதற்காக ஊருக்குள் பேசிக்கொண்டிருந்தார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களே பிரசாரத்தில் இறங்கினார்கள். ஓட்டுரிமை இல்லாத அந்தப் பிள்ளைகள், தாங்கள் படித்து முடித்த பின்னரே திறக்கவிருந்த பள்ளிக்காகப் பெரியவர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். 2016 நவம்பரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் பத்திரம் நிறைவேறியது.

அதன் பிறகு நடந்தவை நீண்ட அலுவலக வேலைகள். நகர வளர்ச்சி எல்லையை விரிவாக்கி, நிலத்தை நகருக்குள் சேர்த்து, சரிவான நிலத்தில் மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து, சாலையும் குடிநீரும் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேடு என்றாலே பாதுகாப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சரிவில் கட்டுவதற்குத் தனி ஆபத்துகளும் தனிச் செலவும் உண்டு. 2018-இல் பணி தொடங்கி, 2020 இலையுதிர்காலத்தில் பள்ளி தயாரானது. கொரோனா காலம் என்பதால் அப்போது வகுப்பறைகளை நிரப்ப முடியவில்லை. பேரிடர் நேர்ந்தால் ஊர் மக்கள் கூடித் தங்குவதற்கும் அந்த வளாகம் பயன்படும். காலி செய்த பிராட்வே பள்ளிக் கட்டடத்தை அப்பகுதியின் பூங்கா, பொழுதுபோக்கு அமைப்பு வாங்கிக்கொண்டது.

என்னைக் கோபப்படுத்துவது மாநில அரசின் நிலைப்பாடு. சுனாமி மூழ்கடிக்கும் பகுதியில் புதுப் பள்ளிகளும் தீயணைப்பு நிலையங்களும் கட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை ஓரிகன் 1995-லேயே கொண்டுவந்தது. ஆனால் ஏற்கெனவே அங்கே நின்ற பள்ளிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. புதிதாகக் கட்ட முடியாத அளவுக்கு ஆபத்தான இடம் என்று அரசே சொன்ன பிறகு, அங்கிருந்து வெளியேறும் செலவை ஏழாயிரம் பேர் வாழும் ஊரின் வீட்டு வரியில் தள்ளிவிட்டது. 2019-இல் அந்தத் தடையையே நீக்கிவிட்டார்கள். தடையால் கடற்கரை ஊர்களின் வளர்ச்சியும் அவசர சேவைகளும் பாதிக்கப்படுகின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம். தீயணைப்பு நிலையம் ஊருக்குள் இருந்தாக வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கு அந்த நியாயம் பொருந்தாது. மர நிறுவனம் நிலம் தராமல் போயிருந்தால், 2016-லும் ஓட்டு தோற்றிருந்தால், அந்தப் பிள்ளைகள் இன்றும் இரு நீர்நிலைகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குழந்தையின் உயிர் அதன் ஊரின் சொத்து மதிப்பைப் பொறுத்து இருக்கக் கூடாது. மாநிலமும் நடுவண் அரசும் ஏற்க வேண்டிய செலவு இது.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருக்காது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் கடற்கரைப் பள்ளிகளில் அன்று வகுப்பு இல்லை. ஆனால் சீசைடின் முடிவை அப்படியே நம் கடற்கரைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. சுமத்ரா அருகே நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29-க்கு நிகழ்ந்தது. அலை தமிழகக் கரையைத் தொட 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் வீணானதற்குக் காரணம் எச்சரிக்க எந்த ஏற்பாடும் இல்லாததுதான். 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கிய பிறகு அந்த 2 மணி நேரம் நம் கையில் இருக்கிறது. சீசைடில் அது 15 நிமிடம். ஆகவே கடலோரத்தில் இருப்பதாலேயே ஒரு மீனவக் கிராமத்தின் பள்ளியை ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளிவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இந்தக் கணக்கைக் கேளுங்கள்: எச்சரிக்கை எத்தனை நிமிடத்தில் பள்ளிக்கு வந்து சேரும், எல்லாப் பிள்ளைகளும் நடந்து மேட்டுக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ சேர எத்தனை நிமிடம் ஆகும், வழியில் பாலம் உண்டா, அதை ஒரு பள்ளி நாளில் நடத்திப் பார்த்திருக்கிறார்களா? இவற்றுக்கு நல்ல பதில் இருக்கும் இடத்தில் கட்டடத்தைச் செப்பனிட்டு, வழியையும் ஒத்திகையையும் சரிசெய்தால் பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே படிக்கலாம்.